மூணு தடவை கேக்கணும்

நின்னுருச்சு. நாலாவது மாடியில ஏறி, கதவு சாத்தி, பத்து மூச்சு விட்டிருப்பேன், கீழேருந்து யாரோ காலைப் பிடிச்சு இழுத்த மாதிரி ஒரு வெட்டு வெட்டி லிஃப்ட் நின்னுருச்சு. லைட்டு ஒருதரம் கண்ணைச் சிமிட்டிட்டு எரியுது. கதவுல கண்ணாடி வச்ச எடத்துல பாதிக்கு மேல சிமெண்டுச் சுவரு, அதுக்கு மேல மூணாவது மாடித் தரை, எவுக வீட்டு மிதியடியோ என் நெத்திக்கு நேரா கெடக்கு. ஆத்தாடி மீனாச்சி. நாலு பேருக்குன்னு எழுதிப் போட்டிருக்கானுக, ரெண்டு பேரு நின்னாலே மூச்சு முட்டுது. அந்த ரெண்டாவது ஆளு யாருங்கிறதுதான் கொடுமை. இம்புட்டுப் பெரிய வலென்சியா பட்டணத்துல, போறவ வர்றவ எல்லாரையும் விட்டுட்டு, அம்பாரோகூடவா நான் மாட்டணும். அஞ்சாவது மாடி அம்பாரோ. அறுபது வயசு இருக்கும், நரைச்ச முடிய ஒட்ட வெட்டிருக்கும், தெருமுனையில துணி தைக்கிற கடை வச்சிருக்கு. என் கையில டப்பா. டப்பாவுல முறுக்கு. காலையில அஞ்சரைக்கு எந்திரிச்சு, எங்க வீட்டுக்காரவுக தூங்குறப்பவே சத்தமில்லாம பிழிஞ்ச முறுக்கு. எதுக்குப் பிழிஞ்சேன்? இந்த அம்பாரோவுக்குத்தான். கடைக்குப் போகணும், டப்பாவக் குடுக்கணும், தையல் மெஷினுக்குப் பக்கத்துல சும்மா நிக்கணும், மெஷின் தலைய லேசா தடவணும், அந்தம்மா என் கையப் பாக்கணும், பாத்துட்டு போன வியாழக்கெழம கேட்டதை இன்னொரு தரம் கேக்கணும். அம்புட்டுத்தான் திட்டம். லிஃப்ட் கதவு தொறந்தா உள்ள அந்தம்மாவே நிக்குது. மூக்குக் கண்ணாடிய வீட்ல விட்டுட்டு எடுக்க வந்துச்சாம், தொட்டுக் காட்டிச் சிரிச்சுச்சு. "புவேனாஸ்"ன்னுச்சு. நானும் "புவேனாஸ்"ன்னேன். லிஃப்ட்ல ஏறுனா முன்னப்பின்ன தெரியாதவனா இருந்தாலும் வணக்கம் சொல்லணும், எறங்குறப்ப "அஸ்தா லுவேகோ", அப்பறம் பாக்கலாம்னு சொல்லணும். சாகுற வரைக்கும் பாக்கமாட்டோம்னு தெரிஞ்சவன்கிட்டயும் அப்பறம் பாக்கலாம். அது எனக்குப் பிடிக்கும். நம்ம போயிட்டு வாரேன்னு சொல்ற மாதிரி. போறேன்னு யாரும் சொல்றதில்லேல்ல.

அந்தம்மா மணிப் பொத்தான அமுக்கிப் பிடிச்சிருக்கு. செவத்துக்குள்ளருந்து ஒரு ஆம்பளக் குரல் கிணத்துக்குள்ள பேசுற மாதிரி வருது. இந்த ஊருக்காரவுக பேச்சு அரிசிய மொறத்துல கொட்டுன மாதிரி கடகடன்னு விழும், நான் அதுல கல்லு பொறுக்குற மாதிரி எனக்குத் தெரிஞ்ச வார்த்தையப் பொறுக்கணும். குவாரெந்தா, நாப்பது. மினுத்தோஸ், நிமிசம். நாப்பது நிமிசமா! நாப்பது நிமிசம் இந்தப் பீரோவுக்குள்ள நிக்கணுமா. அந்தம்மா பெருமூச்சு விட்டுட்டு என்னப் பாத்து என்னமோ சொல்லுது, நான் சிரிக்கிறேன். பதினாலு மாசமா இதே சிரிப்பு. வார்த்தை இல்லாத எடத்துல எல்லாம் பல்லக் காட்டிக் காட்டி எனக்குத் தாடையே வலிக்குது. அந்தம்மா போன எடுத்துக் கடைக்குப் பேசுது. நான் மிதியடியப் பாக்குற மாதிரி பாத்துக்கிட்டு காத மட்டும் அங்க வைக்கிறேன். "லூனெஸ்"னுச்சு, திங்கக்கெழம. "சிகா"ன்னுச்சு, பொண்ணு. "எஸ்தா தார்தே", இன்னைக்குச் சாயங்காலம். "லே திகோ கே ஸீ." இது எனக்குத் தெரியும், இது மொத பாடத்துல வந்தது, அவகிட்ட சரின்னு சொல்றேன். ஆமாங்கிறதுக்கு இங்க ஸீ. நாய வெரட்டுற மாதிரி இருக்குன்னு வந்த புதுசுல சிரிச்சேன், இப்பச் சிரிப்பு வரலை. நாலு கல்லையும் சேத்து வச்சுப் பாத்தா வெளங்கிப் போச்சு. ஒரு பொண்ணு திங்கக்கெழமையிலருந்து வேலைக்கு வாரா. சாயங்காலம் இந்தம்மா அவளுக்குச் சரின்னு சொல்லப் போகுது. இன்னைக்கு வெள்ளி. மணி பதினொண்ணு இருவத்தஞ்சு. கெட்ட செய்தி மட்டும் எந்தப் பாசையில வந்தாலும் புரிஞ்சு தொலைக்குது.

எல்லாம் என் வாயால கெட்டது. தவளை தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாக. போன வியாழக்கெழம, இதே லிஃப்டுக்கு வெளிய, நாலாவது மாடி வாசல்ல, நான் கொத்தமல்லிக் கட்டோட நிக்கிறேன். அந்தம்மா வந்து என் ஜாக்கெட்டத் தொட்டுச்சு. கொல்லைப் பக்கக் கொடியில காயப் போட்டிருந்ததையும் சன்னல் வழியா பாத்திருக்கும் போல. பைப்பிங் வச்சது, முதுகுல முடிச்சு வச்சது, நான் தைச்சது. "நீயா?"ன்னு கைய ஊசி மாதிரி ஆட்டிக் கேட்டுச்சு. "யோ"ன்னேன், நாந்தான். பெறகு மெதுவா, ஒரு ஒரு வார்த்தையா, சின்னப் புள்ளைக்குச் சோறு ஊட்டுற மாதிரி சொல்லுச்சு. கடை. வேலை. காலையில. நீ. வர்றியா? புரிஞ்சுச்சு. அம்புட்டும் புரிஞ்சுச்சு. பழம் நழுவிப் பாலுல விழுந்துருச்சுன்னு நெனைக்கிறேன், நெனைச்சுக்கிட்டே இருக்கேன், வாய் பாட்டுக்கு "நோ, நோ, கிராத்தியாஸ்"ங்குது. சிரிச்ச மொகத்தோட, தலையச் சாச்சு, கையை மொகத்துக்கு நேரா ஆட்டி. வேணாம் வேணாம், நன்றி. அந்தம்மாவும் சிரிச்சுச்சு. "வாலே"ன்னுச்சு. சரின்னு அர்த்தம். லிஃப்ட்ல ஏறிப் போயிருச்சு. நான் நிக்கிறேன் கொத்தமல்லிக் கட்டோட. ரெண்டாவது தரம் கேக்கும்னு நிக்கிறேன். கடைசி பஸ்ஸு போனது தெரியாம ஸ்டாப்புல நிக்கிறவ மாதிரி நிக்கிறேன். யாராச்சும் மொதத் தடவ கேட்ட ஒடனே சரின்னு சொல்லுவாகளா? அலைஞ்சவன்னு பேராகிப் போகாது? எனக்கு அஞ்சு வயசு இருக்கும், தல்லாகுளத்துல அப்பாவோட சிநேகிதர் வீடு, தட்டுல அதிரசம். "எடுத்துக்கம்மா"ன்னாக. எடுத்துட்டேன். அம்மா சிரிச்ச மொகம் மாறாம, பாவாடைக்கு மேலயே தொடையில ஒரு கிள்ளு கிள்ளுச்சு பாருங்க, கண்ணுல பூச்சி பறந்துச்சு. வீட்டுக்கு வந்து, "பறக்காவட்டி, மூணு தடவ கேக்குறதுக்குள்ள ஒனக்கு என்னடி அவசரம்"னுச்சு. அதுலருந்து மூணு தடவைதான். மதினி வீட்டுக்குப் போனா, "காப்பி குடிக்கிறியா கண்ணி?" "வேணாம் மதினி, இப்பத்தான் குடிச்சுட்டு வாரேன்." சொல்றப்பவே மதினி அடுப்புல பால வச்சிருக்கும். வாய் வேணாங்கும், கண்ணு அடுப்பப் பாக்கும், கேக்குறவுக கண்ணத்தான் கேப்பாக. கேக்காம விட்டவன் கஞ்சன்னு ஊர் பேசும். இங்க கண்ண யாரும் கேக்குறதில்ல. வாயில என்ன வருதோ அதை எழுதிக்கிட்டு அடுத்த வேலையப் பாக்கப் போயிடுறாக. வேணாம்னா வேணாமாம். இப்படியும் ஒரு சனம் இருக்கும்னு எனக்கு யாரு சொன்னா?

அன்னைக்கு ராத்திரி இவுககிட்டச் சொன்னேன். இவுகன்னா எங்க வீட்டுக்காரவுக, சோலைராஜ். இங்க ஒரு இந்தியச் சாப்பாட்டுக் கடையில சமையக்காரரு. இந்த ஊர்ல ராஜுங்கிறதை ராஹ்னுதான் கூப்புடுறாக, கொட்டாவி விடுற மாதிரி. தட்டுல சோத்தப் பெசஞ்சுக்கிட்டே கேட்டாக, "என்ன சொன்ன?" "வேணாம்னுட்டேன்." "நீயே சொல்லிட்டியா?" சிரிச்சாக. "நல்லதாப் போச்சு." நல்லதாப் போச்சு! அந்த வார்த்தை எட்டு நாளா தொண்டையில மீன் முள்ளு மாதிரி நிக்குது. கெட்ட மனுசன் இல்ல. சத்தியமா இல்ல. ஊர்லருந்து என்னை இங்க கூப்புடுறப்ப, "வர்றியா"ன்னு போன்ல கேட்டாக, "நான் எதுக்குங்க, நீங்க இருங்க"ன்னேன், ஒம்போது தடவ கேட்டாக. எண்ணினேன், ஒம்போது. கேக்கத் தெரிஞ்ச மனுசன். ஆனா இங்க வந்ததுலருந்து என் வாய அவுக வாங்கிச் சட்டைப் பையில போட்டுக்கிட்டாக. டாக்டரம்மா எனக்கு எங்க வலிக்குதுன்னு கேட்டா அவுக சொல்றாக. கடையில தக்காளி வெலை அவுக கேக்குறாக. எதுத்த வீட்டுக்காரி "எப்படி இருக்கே"ன்னு கேட்டாக்கூட "ஆ, நல்லாருக்கா"ன்னு அவுகதான் சொல்றாக. எனக்கு வலிச்சது வலது பக்கம், அவுக இடதுன்னு சொல்லிட்டாக, மாத்திரையும் தின்னேன். மாதாகோயில் ஹாலுல வாரம் ரெண்டு நாள் ஓசியில ஸ்பானிஷ் வகுப்பு நடந்துச்சு. நாலே நாலு வகுப்பு போனேன், இவுக ஷிஃப்டு மாறுச்சு, "தனியா எப்படிப் போவ, வழி தெரியாது, விடு"ன்னாக. விட்டுட்டேன். மதுரையில செல்லூர்ல நான் யாரு? முன்ரூம்புல மெஷினப் போட்டு, ஒரு நாளைக்கு ஆறு ஜாக்கெட் எறக்குனவ. தீவாளிக்கு முந்துன நாள் கல்லு மாதிரி உக்காந்து "இன்னைக்குக் கெடையாது, நாளைக்கு வா"ன்னு கூட்டத்தையே வெரட்டுனவ. அளவு தப்புனா எங்கம்மா வயித்துல பொறந்தவளா நான்னு கேட்டவ. அந்த அங்கயற்கண்ணி எங்க போனா? இங்க எம்பேரு யாருக்கும் வாயில நுழையல, அம்பாரோ ஆனின்னு கூப்புடும். ஆனி. ஆனியும் ஆடியும் மாதிரி. மெஷின வித்துட்டுத்தான் ப்ளேன் ஏறுனேன். எங்க தெரு தமயந்திதான் வாங்குனா, தூக்கிட்டுப் போறப்ப நான் அடுப்படியில போயி நின்னுக்கிட்டேன். வாயுள்ள புள்ள பொழைக்கும்பாக. நான் பொழைச்ச பொழப்பு இது.

"அகுவா?" அந்தம்மா பையிலருந்து தண்ணி பாட்டில எடுத்து நீட்டுது. என் நாக்கு மேல்தாடையில ஒட்டிக்கிட்டிருக்கு. முறுக்கு சுட்ட அனல்ல காலையிலருந்து ஒரு சொட்டு தண்ணி குடிக்கல. "நோ, கிராத்தியாஸ்." ஐயோ. ஐயோ, கூறுகெட்டவளே! யாருடி சொன்னா அதை? நான் சொல்லலை, எனக்கு முந்தி வாய் சொல்லிருச்சு. அந்தம்மா தோளக் குலுக்கிட்டு, அண்ணாந்து, மடக் மடக்குன்னு பாதிப் பாட்டிலக் குடிச்சு, மூடியத் திருகி, பையில போட்டு ஜிப்ப இழுத்துருச்சு. ஜிப்பு சத்தம் என் தொண்டையில கேக்குது. இம்புட்டுத்தான். வேலையும் இப்படித்தான் பைக்குள்ள போச்சு. இப்பவே சொல்லணும். வேகமாச் சொல்லணும். என்னன்னு சொல்ல? போன்ல பாடம் படிக்கிறேன், எனக்குத் தெரிஞ்ச பன்னெண்டாப்பு இங்கிலீசு வழியா ஸ்பானிஷு. ஆமை பால் குடிக்கிறது. என் மாமாவிடம் மூன்று யானைகள் இருக்கின்றன. இதைத்தான் இருவது நாளாச் சொல்லிக் குடுத்துச்சு. யானையக் கட்டித் தீனி போடுற மாமன் எனக்கு இருந்தா நான் எதுக்கு இந்தப் பொட்டிக்குள்ள நிக்கிறேன். அன்னைக்கு வேணாம்னு சொன்னேன்னு சொல்லணும், சொன்னேன்ங்கிறது இன்னும் வரலை, நடந்து முடிஞ்சது எல்லாம் பதினோராவது பாடம், நான் ஏழுல இருக்கேன். எனக்கு நேத்துன்னு ஒண்ணு இந்தப் பாசையில கெடையாது. மெஷின் ஓட்டினேன்னு சொல்ல முடியாது, ஓட்டுகிறேன்னுதான் சொல்லலாம், அது பொய். இதுல இன்னொரு இக்கட்டு. அந்தம்மா "நீ"ன்னே கூப்புடச் சொல்லுச்சு, எல்லாரும் எல்லாரையும் நீதான். நரைச்ச தலைய எப்படி நீங்கிறது? நாக்கு அழுகிப் போகாதா? நீங்கன்னு சொன்னா அந்தம்மா மொகம் சுளிக்குது, கெழவின்னு சொன்ன மாதிரி. அதனால நான் அந்தம்மாகிட்ட முழு வாக்கியமாப் பேசுறதே இல்ல, தக்காளி, மழை, குளிருன்னு பொருளுப் பேராச் சொல்லிச் சமாளிக்கிறேன்.

எல்லாத்துக்கும் ஆணு பொண்ணு இருக்கு இந்த ஊர்ல. மேசை பொம்பள, நாக்காலி பொம்பள, கதவு பொம்பள, சாவி பொம்பள. பூட்டு ஆம்பள. லிஃப்டும் ஆம்பள. இருக்கிறதுக்கே ரெண்டு வார்த்தை வச்சிருக்காக. மாறாம இருக்கிறதுக்கு ஒண்ணு, இப்பதைக்கு இருக்கிறதுக்கு ஒண்ணு. மாதாகோயில்ல சொல்லிக் குடுத்த டீச்சரம்மா பலகையில எழுதிக் காட்டுச்சு. நான் பொம்பள, மாறாது. நான் வகுப்புல இருக்கேன், மாறும், மணி அடிச்சாப் போயிடுவேன். அப்ப நாலாவது மாடியில பதினாலு மாசமா இருக்கேனே, அது எந்த இருக்கிறது? சன்னலத் தொறந்தா எதுத்த சன்னலு, கொடியில யாரோட போர்வையோ, காலையில பத்துக்கு இவுக எந்திரிக்கிறாக, பன்னெண்டுக்குப் போறாக, ராத்திரி ஒண்ணுக்கு வாராக, நான் துணி மடிக்கிறேன், மடிச்ச துணியக் கலைச்சு மறுபடி மடிக்கிறேன். இப்பதைக்குன்னு வந்ததுதான். இப்பதைக்குங்கிறது எப்ப எப்பவுமா மாறும்னு டீச்சர் சொல்லவே இல்ல. லைட்டு மறுபடி சிமிட்டுது. அத்துக்கிட்டு விழுமோ? ரெண்டரை மாடி. செத்துப் போனா ஒடம்ப ஊருக்கு அனுப்ப எம்புட்டு நாளாகும். இவுக வந்து கேப்பாக, என்னடி டப்பாவுலன்னு, நான் செத்துக் கெடப்பேன், அப்பவும் அவுகதான் பதில் சொல்லுவாக. கண்ணு எங்கயும் போக எடமில்லாம அந்தம்மாவோட கோட்டு மேல நிக்குது. தோள்மூட்டுல கை ஏத்துனது சரியில்ல. சுருக்கத்த ஒரு பக்கமாவே தள்ளிட்டாக, பின்பக்கம் கொழுக்கட்டை மாதிரி நிக்குது. பிரிச்சு, நூலோட்டி, அரை இஞ்சு பின்னால நகட்டுனாப் போதும், கால் மணி நேர வேலை. கை துறுதுறுங்குது. இந்த ஒரு பாசை எனக்கு எந்த ஊர்லயும் புரியும். மடிப்புப் பேசுறது, தையலு பொய் சொல்றது, எல்லாம் பாத்த ஒடனே தெரியும். அப்பத்தான் கவனிச்சேன், அந்தத் தோளு நடுங்குது.

அம்பாரோவுக்குப் பயம். கோட்டப் பாத்த நான் மொகத்தப் பாக்கலை. உதடு வெளுத்து, மேலுதட்டுல வேர்வை, பொத்தான மறுபடி மறுபடி அமுக்குது, கிணத்துக் குரலு ஒரே பதில மறுபடி மறுபடி சொல்லுது. கடையில ஆம்பளைகள அதட்டுற அம்பாரோ. எனக்குக் கஷ்டமாப் போச்சு. ஆறுதலுக்கு என்ன சொல்றதுன்னு எனக்கு யாரும் சொல்லித் தரலை, ஆமையும் யானையும்தான் தந்தாக. டப்பாவத் தொறந்தேன். நீட்டுனேன். "கியேரெஸ்?" வேணுமான்னு அர்த்தம், நீன்னு சொல்லிட்டேன், பயத்துல நீங்க வரலை. அந்தம்மா டப்பாவப் பாத்துச்சு. "ஐ, ஸீ!" ஒரு நொடி யோசிக்கல. ஒரு தடவைதான் கேட்டேன். கைய விட்டு மூணு முறுக்க அள்ளிருச்சு. மூணு! எங்கம்மா இருந்திருந்தா தொடை ரணமாப் போயிருக்கும். பறக்காவட்டின்னு மனசுக்குள்ள வந்துச்சு, வந்த வேகத்துலயே போயிருச்சு. என்னா அழகா எடுத்துச்சு. வேணும், எடுத்துச்சு. கறுக்கு முறுக்குன்னு லிஃப்ட் முழுக்கச் சத்தம், கோட்டுல பொடி, எள்ளு ஒண்ணு தாடையில ஒட்டிருக்கு, மூச்சு கொஞ்சம் கொஞ்சமா எறங்குது, "கே ரிக்கோ, கே ரிக்கோ"ங்குது, ருசின்னு அர்த்தம். வானம் இடிஞ்சு விழலை. நான் அந்தம்மாவ ஒண்ணும் கேவலமா நெனைக்கலை. சந்தோசமாத்தான் இருக்கு. கேட்ட ஒடனே எடுத்தா குடுத்தவளுக்குச் சந்தோசமாத்தான் இருக்கு, இது எனக்கு நாப்பத்தோரு வயசு வரைக்கும் தெரியாமப் போச்சே.

மணி பன்னெண்டாகப் பத்து. மேல எங்கயோ கதவு சாத்துற சத்தம், படியில செருப்புச் சத்தம். சொல்லு. சொல்லுடி. மொதல்ல சின்னதாச் சொல்லு. "அம்பாரோ. அகுவா. போர் ஃபவோர்." தண்ணி, தயவுசெஞ்சு. கேட்டுட்டேன். யாரும் நீட்டாத தண்ணிய நானாக் கேட்டுட்டேன். காது மடல் சுடுது. அந்தம்மா ஜிப்பத் தொறந்து பாட்டிலக் குடுத்துச்சு, அம்புட்டுத்தான், உப்புக் கேட்டா எடுத்துக் குடுக்கிற மாதிரி. குடிச்சேன். பாட்டில முடிச்சே குடுத்தேன். பெறகு டப்பாவுலருந்து ஒரு முறுக்க எடுத்தேன். எனக்கு நேத்து இல்ல, எனக்கு நீங்க நாங்க இல்ல, எனக்குக் கை இருக்கு. முறுக்க வலது கையில பிடிச்சு எனக்கே நீட்டி, "கியேரெஸ்?"னு கேட்டேன். எடது பக்கம் திரும்பி நின்னு, தலையச் சாச்சு, "நோ, நோ, கிராத்தியாஸ்"னேன். மறுபடி நீட்டுனேன். "கியேரெஸ்?" "நோ, நோ." கண்ண மட்டும் முறுக்கு மேல வச்சு, எச்சிய முழுங்கிக் காட்டுனேன். மூணாவது தரம் நீட்டுனேன். "கியேரெஸ்?" "ஸீ!" லபக்குன்னு வாயில போட்டேன். "மி காசா," எங்க வீட்ல, "மதுரை. உனோ, நோ. தோஸ், நோ. த்ரெஸ், ஸீ." ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நோ, மூணுக்குத்தான் ஸீ. அந்தம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கலை. பைத்தியம்னு நெனைச்சிருக்கும். நான் சிரிக்கலை. இந்தத் தடவ பல்லக் காட்டலை. "ஹுவேவெஸ்"னேன், வியாழக்கெழம. அந்தம்மாவோட கடை இருக்கிற திசையக் கை காட்டுனேன். ஊசி மாதிரி கைய ஆட்டுனேன். ஒத்த வெரலக் காட்டுனேன், "உனோ." அந்தம்மா சிரிப்பு பாதியில நின்னுச்சு. என் வெரலப் பாத்துச்சு, என் கண்ணப் பாத்துச்சு. மொதத் தடவையா கண்ணப் பாத்துச்சு. "ஐ, ஈஹா"ன்னுச்சு, மகளேன்னு அர்த்தம். பேச வாயத் தொறந்துச்சு. அப்பப் பாத்தா லிஃப்ட் உலுக்கணும்? அந்தம்மா என் கையப் பிடிச்சுச்சு, நான் அந்தம்மா கோட்டப் பிடிச்சேன், கீழ போகாம மேல போகுது, மிதியடி நெத்தியிலருந்து நெஞ்சுக்கு, நெஞ்சுலருந்து முட்டிக்கு எறங்கி, மூணாவது மாடித் தரையோட நிக்குது. கதவு தொறந்தா ரிப்பேர்க்காரன், அவன் பின்னால வேலைக்குக் கெளம்பி வந்த இவுக.

"என்ன கண்ணி, பயந்துட்டியா? கூப்புட்டிருக்கலாம்ல?" இவுக என் தோளப் பிடிச்சு வெளிய இழுக்குறாக. அந்தம்மா வெளிய வந்து, எள்ள தாடையில வச்சுக்கிட்டே, என் பக்கம் திரும்புச்சு. எல்லாருக்கும் கேக்குற மாதிரி, ஒரு ஒரு வார்த்தையா. "ஆனி. லூனெஸ். மி தியெந்தா. கியேரெஸ்?" திங்கக்கெழம, என் கடை, வர்றியா. என் தொண்டையில அது கெளம்பி வருது, நல்லாத் தெரியுது, ரெண்டு நோவும் கையக் கோத்துக்கிட்டு மேல ஏறி வருது, தொடையில எங்கம்மா கை வச்சிருச்சு. எனக்கு முந்தி இவுக சிரிச்சாக. தலையச் சாச்சு, கைய மொகத்துக்கு நேரா ஆட்டி, அச்சுல வார்த்த மாதிரி, "நோ, நோ, சென்யோரா, கிராத்தியாஸ்"ங்கிறாக. மரியாதைக்குச் சொல்றாகளா, மனசாரச் சொல்றாகளா? அவுக கண்ணப் பாத்தேன். அவுக கண்ணு அடுப்பப் பாக்கலை. அம்பாரோ அவுகளப் பாக்கவே இல்ல. என்னைப் பாத்து ஒத்த வெரல மடக்கி, ரெண்டாவது வெரல நீட்டுது, கேக்கப் போகுது, இன்னும் ஒரு தரம் கேக்கப் போகுது, ஆத்தா நீ நல்லாருக்கணும். நான் காத்திருக்கலை. "ஸீ"ன்னேன். சத்தமா வந்துருச்சு, படிக்கட்டு முழுக்கக் கேட்டுச்சு. "யோ கியெரோ." எனக்கு வேணும். அம்பாரோ "வாலே"ன்னுச்சு. அதே வாலேதான், அதே சரிதான். "நுவேவே"ன்னுச்சு, ஒம்போது மணிக்கு. ரெண்டு கன்னத்துலயும் முத்தம் குடுத்துச்சு, வழக்கமா நான் தலையப் பின்னால இழுத்து மூக்குல இடிப்பேன், இன்னைக்கு இடிக்கலை. படியில எறங்கிப் போறப்ப, "அஸ்தா லுவேகோ." சாயங்காலம் எங்கயோ ஒரு பொண்ணு போனப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பா. அவளுக்கு ஸீ வராது. அவ கேட்ட ஒடனே சரின்னு சொன்னவளாத்தான் இருப்பா. பாவந்தான். அதுக்காக நான் திரும்பிப் போய் வேணாம்னு சொல்லப் போறதில்ல.

இவுக கை இன்னும் என் தோள்ல இருக்கு. ரிப்பேர்க்காரன் பொட்டிய மூடிக்கிட்டு எங்க ரெண்டு பேரையும் வேடிக்க பாக்குறான். "என்ன சொன்ன அந்தம்மாகிட்ட?" "சரின்னேன்." "வேலைக்கா?" "ஆமா." அவுக மொகத்துல ஒண்ணும் தெரியலை, காது மட்டும் செவந்துருச்சு. தமிழ்ல கேட்டாக, மெதுவா, "நெசமாத்தான் போகப் போறியா?" "போறேன்." ரெண்டு படி எறங்குனாக, நின்னாக, திரும்புனாக. "அங்க பேச்சுத் தொணைக்கு நான் இருக்கமாட்டேன் கண்ணி. நல்லா யோசிச்சுக்க. போகணுமா?" "போகணும்." இன்னும் ஒரு தரம் கேப்பாகன்னு எனக்குத் தெரியும், கேக்கத் தெரிஞ்ச மனுசன். டப்பாவ நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நின்னேன். ரெண்டாவது மாடி திருப்பத்துலருந்து, கைப்பிடியப் பிடிச்சு அண்ணாந்து பாத்து, "போறியா?"ன்னாக. மூணு தடவ கேட்டாக. மூணு தடவையும் ஒண்ணுதான் சொன்னேன்.